சில்வர்–ரஸ்ஸல் குழந்தைக்குப் பல் சொத்தை: ராத்திரிப் பாலை நிறுத்தலாமா?

சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மகளுக்கு நான்கு வயது, கருவிலிருந்தே வளர்ச்சி குறையும் சில்வர்–ரஸ்ஸல் சிண்ட்ரோம் என்ற நோய். எடை இப்போதுதான் 10 கிலோ. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது கொடுக்க வேண்டும், படுக்கும் முன் பாலில் வேகவைக்காத சோளமாவு கலந்து கொடுக்க வேண்டும் என்பது வளர்ச்சியைக் கவனிக்கும் ஹார்மோன் மருத்துவரின் ஏற்பாடு. இப்போது மேல் முன்பற்கள் பழுப்பாகிவிட்டன, கீழே ஒரு கடைவாய்ப்பல்லில் குழி. பக்கத்துக் கிளினிக் பல் மருத்துவர் ராத்திரிப் பாலை நிறுத்தச் சொல்கிறார். முழு மயக்கம் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்துவிடலாம், அதற்கு முந்தின இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு எதுவும் கொடுக்கக் கூடாது என்கிறார். மாமியாரோ, "பால்பல்தானே, விழுந்து முளைத்துவிடும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ராத்திரிப் பாலை நிறுத்தாதீர்கள். நள்ளிரவிலிருந்து பட்டினி என்பதற்கும் இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். இந்த இரண்டையும் முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மகளின் ஹார்மோன் மருத்துவர். நான் குழந்தைகள் பல் மருத்துவத்தில் இருப்பவன், பல்லின் அருமை தெரிந்தவன். ஆனாலும் இந்தக் குழந்தையின் சாப்பாட்டு அட்டவணையில் நாங்கள் கைவைக்கக் கூடாது. பல் பராமரிப்பைத்தான் அந்த அட்டவணைக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். அப்படி அமைக்க முடியும்.

காரணம் தெரிந்தால் மற்றவர்களிடம் பேசும்போது உங்களுக்கு உதவும். 1953ல் ஹென்றி சில்வரும் 1954ல் அலெக்சாண்டர் ரஸ்ஸலும் தனித்தனியாக விவரித்த நோய் இது. பல குழந்தைகளுக்கு 11ஆவது குரோமோசோமில், வளர்ச்சியைத் தூண்டும் மரபணுவின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் இடத்தில் மாற்றம் இருக்கும். சிலருக்கு 7ஆவது குரோமோசோமின் இரண்டு பிரதிகளும் தாயிடமிருந்தே வந்திருக்கும். கருவிலேயே வளர்ச்சி குறைகிறது. ஆனால் தலை ஏறக்குறைய இயல்பான அளவில் வளர்கிறது. அதனால் மூளை கேட்கும் குளுக்கோஸ் அதிகம், அதைச் சேமித்து வைக்கும் ஈரலும் தசையும் கொழுப்பும் குறைவு. சாப்பாட்டு இடைவெளி நீண்டால் ரத்தச் சர்க்கரை விழுந்துவிடும். முதல் ஐந்து ஆண்டுகளில் இந்த ஆபத்து அதிகம். ராத்திரியில் சோளமாவு கொடுப்பது இதற்காகத்தான். வேகவைக்காத மாவு குடலில் மெதுவாகக் கரைந்து, விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை விட்டுக்கொண்டிருக்கும்.

குழந்தை திடீரென்று வியர்த்து, வெளிறி, சோர்ந்து, காரணமில்லாமல் அழுதால் மருத்துவர் சொல்லிக்கொடுத்த சர்க்கரையை உடனே கொடுங்கள். அந்த நேரத்தில் பல்லைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

சரி, பல் ஏன் கெட்டது? எத்தனை தடவை சாப்பிடுகிறாள் என்பது ஒரு காரணம். ஒவ்வொரு தடவை மாவுச்சத்தோ சீனியோ வாய்க்குள் போகும்போதும் கிருமிகள் அமிலம் உண்டாக்குகின்றன. எச்சில் அதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போலப் பிடிக்கும். சாதாரணக் குழந்தைக்கு ஒரு நாளில் ஐந்து தடவை நடப்பது உங்கள் மகளுக்கு எட்டு, பத்து தடவை நடக்கிறது. தடவைகளைக் குறைக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதைக் குறைக்க முடியும். பசியில்லாத குழந்தை என்பதால் உறிஞ்சிக் குடிக்க மூக்கு வைத்த கோப்பையில் பாலை ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் தொலைக்காட்சி முன்னால் உறிஞ்சிக்கொண்டிருக்க விடுவது பல வீடுகளில் பழக்கம். அந்த ஒரு மணி நேரமும் பல் அமிலத்தில் ஊறுகிறது. அதே பாலை இருபது நிமிடத்துக்குள் குடிக்க வைத்து, பிறகு இரண்டு வாய் வெறும் தண்ணீர் கொடுத்தால் சத்து குறையாமல் பல்லுக்கு ஓய்வு கிடைக்கும். வாயில் சோற்றை அதக்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால், சாப்பிட்டு முடித்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் விரல்விட்டுப் பார்த்து எடுத்துவிடுங்கள்.

என்ன கொடுக்கிறோம் என்பதையும் கொஞ்சம் மாற்றலாம், உணவியல் நிபுணரைக் கேட்டுக்கொண்டு. எடை கூட வேண்டும் என்ற கவலையில் மைலோ, ரைபீனா, இனிப்புத் தயிர்பானம், பாலில் நனைத்த ரஸ்க், கற்கண்டு என்று அன்பாகக் கொடுப்பார்கள். கொழுப்பிலிருந்து வரும் கலோரியைக் கிருமியால் அமிலமாக்க முடியாது. நெய் விட்ட பருப்பு சாதம், முட்டை, சீஸ், அவகாடோ, வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் எடைக்கும் நல்லது, பல்லுக்கும் நல்லது. ஆனால் அளவு நிபுணர் கையில்தான். இந்த நோயில் எடையை வேகமாக ஏற்றுவதும் நல்லதல்ல என்பது உங்களுக்கே சொல்லியிருப்பார்கள். பாலில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற, கலோரி கூட்டும் மாவுச்சத்துப் பொடியைக் கலக்கச் சொல்லியிருந்தால், அது இனிக்காவிட்டாலும் எச்சிலில் உடைந்து சர்க்கரையாகும் என்று நினைவில் வையுங்கள்.

மருந்துகளையும் பாருங்கள். பசி எடுக்கக் கொடுக்கும் சைப்ரோஹெப்டடின் வாயை உலர்த்தக்கூடும், சிரப்பில் சீனியும் இருக்கலாம். சீனியில்லாத வகையோ மாத்திரையோ உண்டா என்று மருந்தாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இரைப்பையிலிருந்து பால் எதிர்த்து வருவது இந்தக் குழந்தைகளுக்குச் சகஜம். வாந்தி எடுத்ததும் பல் துலக்கக் கூடாது. அமிலத்தில் மிருதுவாகியிருக்கும் எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடுவோம். தண்ணீரில் வாயைக் கழுவிவிட்டு, அரை மணி நேரமாவது கழித்துத் துலக்குங்கள். மேல் முன்பற்களின் உட்புறம் மஞ்சளாக, வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் அது சொத்தை அல்ல, வயிற்று அமிலத்தின் வேலை. ஹார்மோன் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், எதிர்த்து வருவதற்கான மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

இனி ராத்திரி. "துலக்கிய பிறகு எதுவும் கொடுக்காதே" என்ற எங்கள் வழக்கமான அறிவுரை இங்கே செல்லாது. அதனால் வரிசையை மாற்றுங்கள். சோளமாவுக்கு முன்பே நன்றாகத் துலக்கிவிடுங்கள், வாய் கொப்பளிக்க வேண்டாம், நுரையை மட்டும் துப்பினால் போதும். பற்பசையில் இருக்கும் ஃபுளோரைடு பல்லில் தங்கும். பிறகு சீனி சேர்க்காத பாலிலோ சாதாரணத் தயிரிலோ மாவைக் கலந்து கொடுங்கள். வேகாத மாவை எச்சில் எளிதில் உடைக்காது, ஆகவே மாவைவிட அதோடு கலக்கும் இனிப்புதான் பல்லைக் கெடுக்கும். பாலைச் சூடாக்கிவிடாதீர்கள், மாவு வெந்துவிட்டால் மெதுவாகக் கரையும் தன்மை போய்விடும். குடித்து முடித்ததும் ஒரு வாய் தண்ணீர். தூங்கிவிட்டாளா, ஈரமான மெல்லிய துணியால் பற்களைத் துடைத்துவிடுங்கள், அது போதும். வீட்டில் பணிப்பெண்ணோ பாட்டியோ பார்த்துக்கொள்வதாக இருந்தால் இந்த வரிசையை எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள்.

பற்பசை 1000 பிபிஎம் ஃபுளோரைடாவது உள்ளதாக இருக்கட்டும். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு என்று டியூபில் போட்டிருக்கும். உங்கள் மகளின் எடையைப் பார்த்து, துப்பப் பழகும்வரை நான் அரிசி அளவில்தான் வைத்துக்கொள்வேன், தினம் இரண்டு வேளை. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் 1950களின் பிற்பகுதியிலிருந்தே ஃபுளோரைடு சேர்க்கிறார்கள், ஆகவே தனியாக ஃபுளோரைடு மாத்திரை எதுவும் தேவையில்லை. வீட்டில் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் வகை வடிகட்டி போட்டிருந்தால் மட்டும் அது ஃபுளோரைடையும் எடுத்துவிடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். மூக்குக் குழாயில் பால் குடித்த காலம் இருந்த குழந்தைகளுக்கு வாயருகே எது வந்தாலும் பயம்தான். அது பிடிவாதம் இல்லை. முதலில் கன்னத்தில் விரல், சில நாள் கழித்து உதட்டில், அப்புறம் ஈறில், அப்புறம் மெல்லிய சிலிக்கான் பிரஷ் என்று படிப்படியாகப் போங்கள். நுரைக்காத, வாசனையில்லாத பற்பசை சில குழந்தைகளுக்கு ஒத்துப்போகும். நீங்களும் கணவரும் முட்டியோடு முட்டி ஒட்ட எதிரெதிரே உட்கார்ந்துகொள்ளுங்கள். குழந்தையின் கால்கள் அவர் பக்கம், தலை உங்கள் மடியில். இப்படிப் படுக்கவைத்தால் மேல்பல் உட்புறம்வரை தெரியும். விழுங்குதலைக் கவனிக்கும் பேச்சுச் சிகிச்சையாளர் இருந்தால் அவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை நான் அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனது கஷ்டப்படுகிறது. உருவம் இரண்டு வயதுபோல இருப்பதால் எல்லோரும் அவளிடம் கைக்குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். இந்த நோயுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சி இயல்பாகவே இருக்கும். அவளுக்கு நான்கு வயதுப் புரிதல் இருக்கிறது. என்ன செய்யப்போகிறோம், எப்போது முடியும், வலித்தால் எந்தக் கையைத் தூக்க வேண்டும் என்று நேரே அவளிடம் சொல்லுங்கள். பல் மருத்துவரும் அவளைப் பார்த்துப் பேசட்டும். பாதிப் பயம் அதிலேயே குறையும்.

உங்கள் மாமியாருக்கு ஒரு பதில். முன் பால்பற்கள் ஆறேழு வயதில் விழும், உண்மைதான். பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. அவை நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை. இவளுக்கு முகம் முக்கோணம், தாடை சிறியது, கீழ்வரிசையில் இப்போதே நெருக்கம் இருக்கும். அந்தப் பல்லைச் சீக்கிரம் பிடுங்கினால் உள்ள இடமும் போய்விடும். வலிக்கிற பல்லோடு குழந்தை சாப்பிட மறுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. எடைக்காகத் தவமிருக்கும் வீட்டில் ஒரு பல்வலி பல வார முயற்சியைக் கெடுத்துவிடும்.

சிகிச்சைக்கு வருவோம். முழு மயக்கம் கடைசி வழி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. முன்பற்களுக்கு 38 சதவீத சில்வர் டயமைன் ஃபுளோரைடு. ஊசி இல்லை, துளைப்பது இல்லை, தொட்டுப் பூசினால் சொத்தை பல நேரம் அங்கேயே நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுவார்கள். சொத்தை இருந்த இடம் கரியாகக் கறுத்துவிடும், அது போகாது. தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்கள் "என்ன பல் இப்படி" என்று கேட்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். அப்படிக் கறுத்த பற்களின் படத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, யோசித்து, பிறகு சம்மதியுங்கள். கடைவாய்ப்பல்லுக்கு ஹால் முறை. பல்லைக் குடையாமல், மரத்துப்போகும் ஊசி போடாமல், ஒரு சிறிய எஃகுத் தொப்பியைப் பசையோடு பல்மேல் அழுத்தி மாட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கும் கிருமிகள் உணவில்லாமல் முடங்கிவிடும். கடி சில வாரம் கொஞ்சம் உயரமாகத் தெரியும், தானே சரியாகும். பல்லின் நரம்புவரை சொத்தை போயிருந்தால், ஈறில் சீழ்க்கொப்புளம் இருந்தால், இவை இரண்டும் பலிக்காது.

மரத்துப்போகும் ஊசி தேவைப்பட்டால் எடை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அவள் வயதுக் குழந்தை சராசரியாக 16 கிலோ இருக்கும். அந்த ஊசியில் இருக்கும் லிக்னோகைன் மருந்துக்குக் குழந்தைகள் பல் மருத்துவத்தில் வைத்துக்கொள்ளும் உச்ச வரம்பு கிலோவுக்கு 4.4 மி.கி. அதாவது உங்கள் மகளுக்கு 44 மி.கி. இரண்டு சதவீத மருந்துள்ள 2.2 மி.லி. குப்பி ஒன்றிலேயே அவ்வளவும் இருக்கிறது. நான்கு வயதுக்கு வழக்கமாகப் போடுவது என்று யாரும் கைப்பழக்கத்தில் போட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் அங்கேயே எடை பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் கொடுக்கும் பாராசிட்டமாலும் எடைப்படிதான், பாட்டிலில் போட்டிருக்கும் வயதுப்படி அல்ல. ஊசிக்குப் பிறகு உதடு இரண்டு மூன்று மணி நேரம் மரத்திருக்கும், அப்போது மென்றால் உதட்டையே கடித்துக்கொள்வாள். அதனால் வருவதற்குச் சற்று முன்பே சாப்பாடு கொடுத்துவிடுங்கள், அடுத்த வேளைக்குக் குடிக்கிற மாதிரி ஏதாவது கையில் இருக்கட்டும்.

மயக்கம்தான் வழி என்று ஆகிவிட்டால், அதைக் குழந்தைகளுக்கான மயக்க மருத்துவரும் ஹார்மோன் மருத்துவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். தாடை சிறியதாக இருப்பதால் மூச்சுக்குழாய் பொருத்துவது கடினமாகலாம், அதை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். இந்த நோய்க்கென 2017ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் அறுவை சிகிச்சையைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. இவளுக்கு எத்தனை மணி நேரம் வெறும் வயிறு தாங்கும் என்று முன்பே குறித்து வைக்க வேண்டும். அன்றைய பட்டியலில் முதல் ஆளாக இவளை எடுக்க வேண்டும். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றி, ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் அறையில் குளிர் தாக்காமல் போர்த்தி வைக்க வேண்டும். முடிந்த பிறகும், வாயால் சாப்பிட்டு, சிறுநீரில் கீட்டோன் (சர்க்கரை போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாவது) இல்லை என்று உறுதியான பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மெலிந்துபோய் இருக்கும் நேரமென்றால், அவசரமில்லாத சிகிச்சையை எடை தேறும்வரை தள்ளிப்போடலாம். பொதுவாக எந்தக் குழந்தைக்குமே இன்றைய விதி திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவு. நள்ளிரவிலிருந்து ஒன்றுமே கூடாது என்பது பழைய வழக்கம்.

ஆகவே இந்த வாரமே ஹார்மோன் கிளினிக்கின் தாதிக்குப் போன் செய்து ஒரு கடிதம் கேளுங்கள். நோயின் பெயர், இப்போதைய எடை, பாதுகாப்பான பட்டினி நேரம், மருந்துகள், வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுவந்தால் சிகிச்சை நாளன்று அதை என்ன செய்வது, எல்லாம் அதில் இருக்கட்டும். அந்த ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருத்துவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்று காத்திருக்காமல் கடிதத்தை நீங்களே கையில் கொண்டுபோவதுதான் நடைமுறையில் வேலை செய்கிறது.

எங்கே போவது? கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. அவுட்ரம் பக்கம் தேசியப் பல் மருத்துவ நிலையம், கென்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக வாய்நல நிலையம் ஆகியவற்றிலும் குழந்தைகள் பல் நிபுணர்கள் இருக்கிறார்கள். மகளின் ஹார்மோன் மருத்துவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறாரோ, அதனோடு சேர்ந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது என் யோசனை. பதிவேடுகள் ஒரே இடத்தில் இருக்கும். மானியக் கட்டணம் வேண்டுமென்றால் பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வலியோ வீக்கமோ இருந்தால் அதில் அழுத்தமாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். பெற்றோரின் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு பல் அறுவை சிகிச்சை வகைகளுக்கு உதவும். அடைப்பது, சுத்தம் செய்வது, கம்பி போடுவது இவற்றுக்கு உதவாது. அரிய நோய் நிதி என்பது குறிப்பிட்ட சில நோய்களின் விலையுயர்ந்த மருந்துகளுக்கானது, பல் செலவுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். தொடக்கநிலை ஒன்றில் சேரும்போது பள்ளிப் பல் மருந்தகத்துக்கான சம்மதப் படிவம் வரும். அந்தச் சேவை இலவசம், நல்ல சேவை. படிவத்தில் நோயின் பெயரையும், சாப்பாட்டு நேரத்தைத் தாண்டிக் காக்க வைக்கக் கூடாது என்பதையும் எழுதிவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் ஃபுளோரைடு வார்னிஷ் பூச்சும் இவளுக்குப் பொருத்தம். ஆறு மாதம் என்பது இவ்வளவு அடிக்கடி சாப்பிடும் குழந்தைக்கு நீண்ட இடைவெளி. இடையில் வாரம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி சுண்ணாம்புபோல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம், அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடாலேயே திருப்பிவிடலாம். ஆறு வயதுவாக்கில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் பின்னால் முளைக்கும், பால்பல் விழாமலே வருவதால் பலர் கவனிப்பதில்லை. இவளுக்கு அது தாமதமாகவும் வரலாம். வந்ததும் அதன் பள்ளங்களை அடைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, கம்பி போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். ஏழு வயதுவாக்கில் பல் சீரமைப்பு நிபுணரிடம் ஒருமுறை காட்டுங்கள். மேலண்ணம் குறுகி இருந்தால் விரிக்கும் கருவி வைக்கலாம், நெருக்கம் ஓரளவு குறையும். ஆனால் எப்போது தொடங்குவது என்பதைப் பிறந்த தேதியை வைத்து முடிவு செய்யக் கூடாது. இந்தக் குழந்தைகளுக்கு எலும்பு வயது, அதாவது எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பது, முதலில் பின்தங்கியிருக்கும், பிறகு பருவ மாற்றத்தின் அறிகுறிகள் தொடங்கும்போது மளமளவென்று முன்னேறிவிடும். வளர்ச்சி ஹார்மோன் ஊசியும் தாடை வளர்வதைப் பாதிக்கும். எலும்பு வயதுக்காக ஹார்மோன் மருத்துவர் எடுக்கும் இடதுகை எக்ஸ்ரே ஏற்கெனவே இருக்கும். அதன் பிரதியைக் கொண்டுபோனால் நிபுணருக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிடும், குழந்தைக்கு இன்னொரு எக்ஸ்ரேயும் மிச்சம்.